மேசையின் நினைவும் மேடையின் நினைவும்: 1960களின் கல்கத்தா பார்க் தெரு இசைவிடுதிகள்

1960களின் கல்கத்தாவை நினைவுகூரும் எழுத்துகளில் பார்க் தெரு தவறாமல் இடம்பெறுகிறது. டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், மூலன் ரூஷ் ஆகிய விடுதிகளில் இரவுதோறும் நேரடி இசை ஒலித்தது. ஜாஸ் குழுக்கள் வாசித்தன. பாடகியர் ஆங்கிலப் பாடல்களைப் பாடினர். பின்னர் நக்சல்பாரி இயக்கமும் கம்யூனிஸ்டு ஆட்சியும் அவர்கள் விதித்த வரியும் சேர்ந்து அவ்விளக்குகளை அணைத்துவிட்டன. நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் தன்வரலாறுகளிலும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டதால் இக்கதை வரலாறு என்னும் தகுதியையே பெற்றுவிட்டது. விளக்குகள் ஒளிர்ந்தன என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. அக்காட்சி எந்த இருக்கையிலிருந்து காணப்பட்டது என்பதையும், கதையின் முடிவு ஆண்டுக்கணக்கோடு பொருந்துகிறதா என்பதையும் மட்டுமே இது ஆராய முற்படுகிறது.

தெருவும் விடுதிகளும்

இடுகாட்டுக்குச் செல்லும் பாதையாக அறியப்பட்டு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலிஜா இம்பேயின் மான் பூங்காவால் பின்னர் பெயர் மாறிய தெரு இது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியக் கேளிக்கையின் மையம் இத்தெருவில் இல்லை. சௌரங்கியின் ஃபிர்போஸ் உணவகமும் கிராண்ட் ஓட்டலும், சற்றுத் தள்ளியிருந்த கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டலுமே நடனக் கூடங்களுக்குப் பெயர்பெற்றிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் திரளாக வந்து தங்கியதால் ஜாசுக்குப் பெரும் தேவை எழுந்தது. கிராண்ட் ஓட்டலில் குழு நடத்திய கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு 1945இல் இந்நகரிலேயே காலரா கண்டு இறந்தார். அக்காலக் குழுக்களில் பயின்றவர்களும் அவர்களுடைய மக்களுமே அடுத்த தலைமுறையின் இசைஞர்கள் ஆயினர். ஆகவே பார்க் தெருவின் இசையைச் சுதந்திர இந்தியாவில் திடீரெனப் பூத்த மலராகக் காட்டுவது பொருந்தாது. போர்க்காலப் பொருளாதாரம் விட்டுச்சென்ற கைத்திறனே புதிய இடத்தில் புதிய வாடிக்கையாளரைக் கண்டது.

அப்புதிய இடங்களின் தோற்றம் 1950களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மொகாம்போ 1956இல் திறக்கப்பட்டது. அங்கு ஆன்டன் மெனேசிசின் குழுவுடன் பாடிய பாம் கிரெய்ன் நகரின் முதன்மை ஜாஸ் பாடகியாக விளங்கினார். சுவிட்சர்லாந்துக்காரர்களான ஃபுளூரியும் டிரிங்காவும் 1920களில் கூட்டாகத் தொடங்கிய தேநீர்க்கடை பின்னர் இரண்டாகப் பிரிந்தது. டிரிங்கா தம் பங்கை 1959இல் ஓம் பிரகாஷ் புரி, எல்லிஸ் ஜோஷுவா ஆகியோருக்கு விற்றார். அதன்பிறகே டிரிங்காஸ் இசைவிடுதியாயிற்று.

வாடிக்கையாளர் யார் என்பதும் தெளிவு. தேயிலை, சணல், புகையிலை நிறுவனங்களின் தலைமையகங்கள் கல்கத்தாவில் இருந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் வெளியேற, அவர்களுடைய நாற்காலிகளில் அமர்ந்த இந்திய மேலாளர்களைப் 'பாக்ஸ்வாலா' என்று நகரம் அழைத்தது. சத்யஜித் ராயின் 'சீமாபத்தா' (1971) இவ்வகுப்பையே கூர்ந்து நோக்கும் திரைப்படம். கழுத்துப்பட்டை அணிந்து மாலையில் அமர்ந்தோரும், ஞாயிறு பகல் 'ஜாம் செசன்'களில் குளிர்பானத்துடன் அமர்ந்த அவர்களுடைய கல்லூரிப் பிள்ளைகளுமே பிற்காலத்தில் நினைவுக்குறிப்புகளை எழுதினர். ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியும் இதழ்களின் தொடர்பும் அவர்களிடமே இருந்தன. 1967இல் 'ஸ்டேட்ஸ்மன்' நிறுவனம் டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியராக வெளியிடத் தொடங்கிய 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' இளைஞர் இதழும் இவ்வாசகர்களுக்கானதே.

மேடையில் நின்றவர்கள்

மேடையில் இருந்தோரின் ஊரும் பிறப்பும் வேறு. ரிப்பன் தெரு, எலியட் சாலைப் பகுதிகளின் ஆங்கிலோ-இந்தியர், கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறியீடு வாசிக்கக் கற்று வேலைதேடி வந்தவர்கள், மலைநாட்டு நேபாளியர். சாக்சபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வெஸ் கோவாவிலிருந்து வந்தவர். டார்ஜிலிங்கில் பிறந்த லூயி பேங்க்ஸ் எக்காளக் கலைஞரான தந்தையின் வழியில் இத்தொழிலுக்கு வந்து, புளூ ஃபாக்சில் பாம் கிரெய்னுடனும் கொன்சால்வெசுடனும் வாசித்தார். பெங்களூரில் பிறந்த கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ 1970களில் கல்கத்தா வந்து, 2016இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இவர்களுக்கு இசை அன்றாடத் தொழில். விருந்தினர் உணவருந்தும்போது தணிந்தும், நடனமாடும்போது உயர்ந்தும் வாசிக்க வேண்டும். கேட்ட பாட்டை உடனே வழங்க வேண்டும். ஜாஸ் கலைஞர் தாம் விரும்பியதை வாசித்த நேரம் இரவில் ஒரு பகுதியே. உணவகத்தின் பார்வையில் அவரும் சமையற்காரரைப்போல ஓர் ஊழியர். சங்கரின் 'சௌரங்கி' (1962) என்னும் வங்காளப் புதினம் ஓட்டல் ஊழியன் ஒருவனின் கண்வழியே இவ்வுலகைக் காட்டுவதால், விருந்தினரின் நினைவுக்குறிப்புகள் பலவற்றினும் வரலாற்று மாணவனுக்கு அது பயனுடையது.

மிஸ் ஷெஃபாலியின் வாழ்வு இங்குத் தனியே கருதத்தக்கது. ஆரதி தாஸ் என்னும் இயற்பெயருடைய அவர் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலியாய் வந்த குடும்பத்தின் மகள். ஆங்கிலோ-இந்தியர் வீடொன்றில் பணிப்பெண்ணாக இருந்து, சிறுவயதிலேயே ஃபிர்போசின் காபரே மேடைக்கு வந்தார். நாடு பிரிந்ததன் சுமை ஒரு குடும்பத்தின் மகளை எங்குக் கொண்டு நிறுத்தியது என்பதை அவருடைய வங்காளத் தன்வரலாறு கூறுகிறது. 'பொற்காலம்' என்னும் சொல்லை அந்நூலோடு சேர்த்துப் படிப்பது கடினம்.

மதராசிலிருந்து ஒரு பாடகி

பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா, பிற்காலத்து உஷா உதுப், 1969இல் மதராசு மவுண்ட் ரோட்டின் சஃபையர் திரையரங்க வளாகத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் மேடையேறினார். விரைவிலேயே டிரிங்காசில் பாட வந்தார். பட்டுச்சேலை, பூ, பெரிய பொட்டு ஆகியவற்றோடு கனத்த குரலில் அவர் ஆங்கிலப் பாடல் பாடியது அன்று புதுமை. மேலைநாட்டு உடையே விடுதிப் பாடகியின் சீருடை என்றிருந்த இடத்தில், வீட்டில் உடுத்துவதையே உடுத்தி வந்ததாக அவர் பல நேர்காணல்களில் எளிமையாகக் கூறியுள்ளார். அவ்வெளிமையை முழுதும் ஏற்க வேண்டியதில்லை. சேலை அவரைக் குடும்பப்பெண்ணாக அடையாளங்காட்டியது; இரவில் தொழில் செய்யும் பெண்மீது படியும் பழியிலிருந்து அது ஓரளவு காத்தது. பாம் கிரெய்னுக்கோ ஷெஃபாலிக்கோ அக்காப்பு இல்லை. மேடை ஒன்றே எனினும், சாதியும் வகுப்பும் அதன்மீது ஒவ்வொருத்திக்கும் வெவ்வேறு இடத்தை ஒதுக்கின.

வீழ்ச்சியின் ஆண்டுக்கணக்கு

இனி முடிவுப்பகுதிக்கு வரலாம். இடதுசாரி ஆட்சியின் வரியே விடுதிகளை அழித்தது என்பது பரவலான கூற்று. கேளிக்கை வரி வங்காளத்தில் 1922ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உண்டு. விடுதிகளை நேராகக் குறிவைத்தது, 'மேற்கு வங்காள ஓட்டல், உணவகக் கேளிக்கை மற்றும் ஆடம்பர வரிச் சட்டம், 1972'. அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஆட்சிக்கு வந்தது சித்தார்த்த சங்கர் ராய் தலைமையிலான காங்கிரசு அரசு. இடது முன்னணி பதவியேற்றதோ 1977இல். அதற்கு முன் 1967, 1969ஆம் ஆண்டுகளில் ஐக்கிய முன்னணி அரசுகள் குறுகிய காலம் இருந்தன என்பதும், 'கெராவ்' போராட்டங்கள் மேலாளர்களை அஞ்சவைத்தன என்பதும் உண்மையே. ஆயினும் வரியைப் பொறுத்தவரை, காங்கிரசு ஆட்சியாண்டின் சட்டத்தை நினைவு கம்யூனிஸ்டுகளின் கணக்கில் எழுதிவிட்டது. இப்பிழை தற்செயலானதன்று. வேலைநிறுத்தத்தையும் முற்றுகையையும் நேரில் கண்ட வகுப்புக்கு எதிரி ஒருவரே. எல்லா இழப்பையும் அவர்மீதே சுமத்துவது அவ்வகுப்பிற்கு இயல்பாக இருந்தது.

நக்சல்பாரி என்னும் காரணமும் கூறப்படும் அளவுக்கு நேரானதன்று. கௌதம் சட்டோபாத்தியாயரின் வாழ்வே இதற்குச் சான்று. அவர் 1960களில் ஆங்கிலோ-இந்திய நண்பர்களுடன் சேர்ந்து பார்க் தெரு விடுதிகளில் வாசித்தார். பின்னர் நக்சல்பாரி அரசியலில் ஈடுபட்டுச் சிறைசென்றார். 1970களின் நடுவில் 'மொஹினேர் கோராகுலி' குழுவை உருவாக்கி, வங்காளத்தில் புதுவகைப் பாடலுக்கு வழிவகுத்தார். விடுதியின் கிட்டாரும் தலைமறைவு அரசியலும் ஓர் இளைஞனிடத்தில் ஒன்றுசேர முடிந்தது. அவற்றைப் பகைமுனைகளாக நிறுத்துவது பிற்கால ஏற்பாடு.

இசைஞரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு காரணம் முன்னிற்கிறது: ஆளில்லாமை. பிரிட்டன் 1962இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. ஆசுதிரேலியா 1966இல் விதிகளைத் தளர்த்தி, 1973இல் வெள்ளையர் கொள்கையைக் கைவிட்டது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறின. ஒரு குழுவில் முரசு வாசிப்பவர் போனால் மற்றொருவரைத் தேடலாம். அவருக்குக் கற்பித்தவரும், அவரிடம் கற்கவேண்டிய தம்பியும் சேர்ந்தே போய்விட்டால் தொழில் தொடராது. எஞ்சியோரைப் பம்பாயின் திரையிசை ஈர்த்தது. புளூ ஃபாக்சில் வாசித்துவந்த லூயி பேங்க்சை ஆர். டி. பர்மன் அழைத்துக்கொண்டது அறிந்த செய்தி. நிறுவனத் தலைமையகங்களும் அதே பம்பாய்க்குப் பெயர்ந்தன. மேசையும் மேடையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காலியாயின.

எஞ்சிய ஒலி

கிராமபோன் நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலை டம்டமில், பார்க் தெருவிலிருந்து சில கல் தொலைவில்தான் இருந்தது. இருந்தும் விடுதிகளில் இரவுதோறும் வாசிக்கப்பட்டவற்றுள் தட்டில் ஏறியது மிகச் சிறு பகுதியே. சிகரெட்டு விளம்பரத்துக்காக நடந்த 'சிம்லா பீட்' போட்டியின் 1970, 1971ஆம் ஆண்டுத் தட்டுகள் இளைஞர் குழுக்களின் ஒலியைக் காத்தன. தொழில்முறை ஜாஸ் இசைஞருக்கு அத்தகைய வாய்ப்பும் அரிதாகவே கிட்டியது. வாடிக்கையாளரின் எழுத்தே முதன்மைச் சான்றாக நிலைத்தமைக்கு இதுவும் காரணம்.

மாற்றுச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. கல்கத்தாத் தேவாலயங்களின் பதிவேடுகள், குடியேற்ற ஆவணங்கள், பெர்த்திலும் மெல்போர்னிலும் வாழும் குடும்பங்களின் ஒளிப்படத் தொகுப்புகள், இசைஞர் தம் கைப்பட எழுதிய இசைக்குறியீட்டு ஏடுகள் ஆகியவை தொகுக்கப்பட வேண்டும். மதராசு, பெங்களூர் விடுதிகளிலிருந்து வடக்கே சென்றவர்களை இதனோடு சேர்த்து ஆராய்வது தமிழகத்து ஆய்வாளருக்கு எளிதில் இயலக்கூடியது. பாம் கிரெய்ன் 2013இலும் ஷெஃபாலி 2020இலும் மறைந்தனர். 1965இல் இருபது வயதில் அம்மேடைகளில் ஏறியவர் இன்று எண்பதை எட்டியிருப்பார்; வாய்மொழிப் பதிவுகளை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.