நஞ்சும் உரிமையும்: இருளர் கூட்டுறவின் வரலாறு

பழங்குடி மக்களின் உரிமை என்றால் தொலைதூர மலைகளும் சுரங்கங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அவ்வுரிமை பற்றிய வினா சென்னையின் வாயிலிலேயே அரை நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறது. கிண்டி, அடையாறு பகுதிகளிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலை நெடுகிலும், செங்கல்பட்டுச் சமவெளியின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் வாழ்ந்துவரும் இருளர் வரலாற்றில் அவ்வினாவைக் காணலாம். அவர்களது பாம்பறிவை அடிப்படையாகக் கொண்டு இருவேறு தொழில்கள் எழுந்தன. அவ்விரண்டிலும் அம்மக்கள் பெற்ற இடம் எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் வணிகம்

இருளர் பட்டியல் பழங்குடியினர். அவர்களுள்ளும் மிகவும் நலிவுற்ற பிரிவினராக அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள். மண்ணில் படிந்த தடத்தையும் வளையின் வாயில் கிடக்கும் எச்சத்தையும் உரிந்த சட்டையையும் கண்டு, உள்ளிருக்கும் பாம்பு இன்னதெனக் கூறவல்லவர்கள். ஏட்டில் எழுதப்படாத இக்கல்வி தாய் தந்தையரிடமிருந்து மக்களுக்கு வழிவழியாக வந்தது.

இவ்வறிவுக்கு முதலில் விலை வைத்தவர் தோல் வணிகர். சென்னையில் பதனிடப்பட்ட பாம்புத்தோல் கப்பலேறி மேலைநாடுகளில் காலணியாகவும் கைப்பையாகவும் மாறியது. பிடித்தவருக்குச் சில்லறைக் காசும் விற்றவருக்குப் பெரும்பொருளும் கிட்டின. ஒரு பாம்பின் உயிரோடு அதனால் வரும் வருவாயும் முடிந்துபோயிற்று. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளைக் காக்கும் நோக்கில் இத்தடை தேவையானதே. எனினும் வணிகர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்ள, வேறு தொழிலோ நிலமோ இல்லாத இருளர் வறுமையில் தள்ளப்பட்டனர்.

கூட்டுறவின் தோற்றம்

கிண்டியில் 1972 முதல் இயங்கிவரும் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளருடன் நெருங்கிப் பழகி அவர்களது திறனை அறிந்தவர். கொல்லாமலே பாம்பினால் வாழ வழியுண்டு என்ற எண்ணத்தின் விளைவாக, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கலாயிற்று.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினை உறுப்பினர் உயிருடன் கொண்டுவருவர். அவை மண்பானைகளில் மூன்று, நான்கு வாரங்கள் வைத்துக் காக்கப்படும். ஏறத்தாழ வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படும். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் வெளியில் விட்டுவிடுவர். அதனால் அதே பாம்பு விரைவில் மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு, மும்பை, ஐதராபாத் முதலிய நகரங்களின் மருந்து நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. அங்கே அது குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியிலிருந்து முறிமருந்து உருவாகிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்துவந்தது இச்சங்கமே. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இந்நாட்டில் மாண்டோர் சுமார் 12 இலட்சம் என ஆய்வு மதிப்பிடுகிறது. இந்த எண்ணை நோக்கின் இத்தொழிலின் பெருமை விளங்கும்.

உரிமையா, அனுமதியா?

தோல் வணிகத்தில் கூலியாயிருந்தவர் நஞ்சுத் தொழிலில் சங்கத்தின் உடைமையாளர் ஆயினர். இது பெருமாற்றம். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர்களது நிலை எத்தகையது? காட்டுயிர்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்சு எடுக்க அனுமதி வழங்கலாம் என்கிறது. எத்தனை பாம்பு, எவ்வளவு காலம் என்பதை அரசே வரையறுக்கும். அனுமதி தாழ்ந்தால் பானைகள் வெறுமையாகும், அடுப்பும் அணையும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையைத் தீர்த்திருக்கலாம். பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமையுண்டு என அது ஏற்கிறது. ஆனால் மரபுவழி உரிமைகளைக் கூறும் இடத்திலேயே, வேட்டையாடுதல், பொறிவைத்துப் பிடித்தல், விலங்குடலின் பகுதியை எடுத்தல் ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. அன்றியும் இருளர் பாம்பு தேடுவது பெரும்பாலும் வயல்வரப்பில். அச்சட்டம் பேசுவதோ வனநிலத்தை.

பிற இடங்களில் நிகழ்ந்தவை ஒப்புநோக்கத்தக்கவை. ஆந்திரத்தின் சமதா வழக்கில் 1997இல் உச்சநீதிமன்றம், பட்டியல் பகுதிகளின் பழங்குடி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை தருவது செல்லாது என்றது. தமிழகத்தில் அத்தகைய பட்டியல் பகுதியே அறிவிக்கப்படவில்லை. கேரளத்தில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியபச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' பிறந்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி அவர்களுக்கெனத் தீர்மானிக்கப்பட்டது. அங்கு அறிவுக்கே விலை தரப்பட்டது. வடநெம்மேலியில் விலை பெறுவது நஞ்சு மட்டுமே; அதனைக் கண்டறியும் அறிவு கணக்கில் ஏறவில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பயன்பகிர்வு பற்றிப் பேசுகிறது. அதனை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகமும் சென்னையிலேயே உள்ளது.

2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துத் தந்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவர்களது அறிவை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு இவை சான்று. எனினும் விருது பெற்ற கைகளும் ஊர் திரும்பிப் பாம்பு பிடிக்க அரசின் அனுமதித்தாளையே எதிர்நோக்க வேண்டும். அந்த அறிவைச் சட்டமும் ஒப்புக்கொள்ளும் நாளில்தான் 1978இல் தொடங்கிய பணி நிறைவுறும்.