விளக்குக்கு ஒரு தோல்

பழைய கார் வாங்கப் போனால் எல்லாரும் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள். நான் முன்பக்கம் போய் நின்று முகப்பு விளக்குகளைப் பார்ப்பேன். ஒரு விளக்கு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் மங்கியிருந்தால், பெரும்பாலும் அந்த வண்டி பல வருஷம் ஒரே இடத்தில், ஒரு பக்கம் வெயில் பட நின்றிருக்கும். மஞ்சள் பூத்த அந்த மங்கலைப் பார்த்து 'கண்புரை விழுந்துவிட்டது' என்பார்கள். எனக்கு அந்த உவமை பொருத்தமாகப் படவில்லை. புரை கண்ணுக்குள்ளே விழுவது. விளக்குக்கு வருவது தோல் நோய். அந்தத் தோலை ஏன் போர்த்த வேண்டி வந்தது என்று தெரிந்துகொண்டால், அது உரிந்தபின் என்ன செய்வது என்பதும் பிடிபடும்.

இன்றைய விளக்கு எதனால் ஆனதோ அந்தப் பிளாஸ்டிக்கின் கதை 1953-இல், ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஆய்வகங்களில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் வேதியியலாளர் டேனியல் ஃபாக்ஸ், மின்கம்பிகளுக்கு மேல்பூச்சாகும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டாலும் சிதையாத பூச்சு வேண்டும். பல்கலைக்கழக ஆராய்ச்சி நாட்களில், தண்ணீருக்கு மசியாமல் தன்னைப் பாடாய்ப்படுத்திய ஒரு கார்பனேட் சேர்மம் அவர் நினைவுக்கு வந்தது. அந்தக் குடும்பத்திலேயே ஒரு பிசினைச் செய்து பார்த்தார். குடுவைக்குள் பிசின் இறுகிக்கொண்டே போய், கலக்கியைச் சுற்றிய மோட்டாரே நின்றுவிட்டது. கடைசியில் கண்ணாடிக் குடுவைதான் உடைந்தது. கலக்கியின் நுனியில் ஒரு கட்டி, காம்பு போட்ட கொட்டாப்புளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி அடித்தும் உடைக்க முடியவில்லை.

ஏறக்குறைய அதே வாரங்களில் ஜெர்மனியின் ஊர்டிங்கனில், பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல் அதே பொருளைச் செய்து முடித்திருந்தார். பாலிகார்பனேட் என்று பெயர். காப்புரிமை யாருக்குப் போனாலும் மற்றவருக்கு உரிமம் தருவது என்று இரு கம்பெனிகளும் பேசிக்கொண்டன. காப்புரிமை பேயருக்குப் போயிற்று. அவர்கள் மக்ரோலான் என்றும் அமெரிக்கர்கள் லெக்ஸான் என்றும் விற்றார்கள். கண்ணாடியின் எடையில் பாதிதான், கல்லெறிக்கும் அசையாது. அப்பல்லோ விண்வெளி வீரர்களின் தலைக்கவசம் இதனால்தான் செய்யப்பட்டது.

இந்தப் பொருள் கார் விளக்குக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. பெரிய தடை சட்டம்தான். அமெரிக்காவில் 1940 மாடல் கார்களிலிருந்து ஒரே வகை விளக்குதான்: 7 அங்குல வட்டம், காருக்கு இரண்டு. முன்கண்ணாடி, பின்னால் பிரதிபலிக்கும் கிண்ணம், நடுவில் எரியும் இழை எல்லாம் சேர்த்து மூடி ஒட்டிய ஒரே கூடு. சீல்டு பீம் என்று பெயர். பிற்பாடு நான்கு விளக்கு வைக்கலாம் என்றார்கள், செவ்வகமாகவும் வைக்கலாம் என்றார்கள். கூடு மட்டும் மாறவில்லை. எல்லாக் காரும் ஒரே முகமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் அந்த விதியில் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. இழை அறுந்தால் முழுக் கூட்டையும் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டவேண்டும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் காருக்குக் கண்ணாடி முதல் கிண்ணம் வரை புத்தம்புதுக் கண் கிடைத்தது. மங்குவதற்கு அவகாசமே இல்லை.

1973-இன் எண்ணெய் நெருக்கடி அதை மாற்றியது. 1975-இல் அமெரிக்க அரசு எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் போட்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சரிந்த மூக்கு வேண்டும். செங்குத்தாக நிற்கும் தட்டைக் கண்ணாடி அதற்கு இடைஞ்சல். உடம்போடு வளைந்து ஒட்டிப்போகிற, பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளும்படியான விளக்குக்கு அனுமதி கேட்டு 1981-இல் ஃபோர்டு கம்பெனி மனு கொடுத்தது. 1983-இல் அனுமதி வந்தது. 1984 மாடல் லிங்கன் மார்க் VII அப்படிப்பட்ட விளக்கோடு சாலைக்கு வந்தது. வேண்டிய வளைவுக்கெல்லாம் வார்க்கக் கூடியதும் எடை குறைந்ததும் கல்லடி தாங்குவதுமான பாலிகார்பனேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? 1990-களில் ஐரோப்பாவும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. நம் ஊர்ச் சாலைகளில் அம்பாசிடரின் உருண்டைக் கண்ணாடி விளக்குகள் போய் நீள்விழி விளக்குகள் வந்ததும் அந்த ஓட்டத்தில்தான்.

சுத்தியலுக்கு அசையாத அந்தப் பொருளுக்குப் பிறவியிலேயே இரண்டு குறைகள். ஒன்று, மேற்பரப்பு மிருது. மணல் கலந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும். இரண்டாவது, வெயில். சூரியனின் புற ஊதாக் கதிரை அதன் மூலக்கூறுச் சங்கிலி உறிஞ்சிக்கொள்ளும். சங்கிலியின் கார்பனேட் கண்ணிகள் அறுந்து வேறுவிதமாய்க் கோத்துக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் புதுச் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால்தான் மஞ்சள் தெரிகிறது. பிறகு காற்றின் ஆக்ஸிஜனும் சேர்ந்து மேற்பரப்பை நொறுக்க, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். ஒளி நேரே போகாமல் நாலாபக்கமும் சிதறும். நமக்குச் சாலை இருட்டாகவும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசவும் செய்யும்.

இந்த இரண்டு குறைக்கும் சேர்த்துத்தான் தோல் போர்த்தினார்கள். சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் கடினப் பூச்சு, அதில் புற ஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்து. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் பொருள் வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிந்துபோகும். மழை, மணல், தேய்த்துக் கழுவும் துணி எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். தோல் போனால் பாலிகார்பனேட் வெயிலில் அம்மணமாய் நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பட்டறையில் யார் சரியாகச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பற்பசை தேய்த்தால் பளபளக்கும், மெய்தான். அது நுண்ணிய தேய்ப்புப் பொடி. செத்த மேல்புறத்தைச் சுரண்டி எடுக்கிறது. மிச்சமிருந்த பூச்சும் கூடவே போய்விடும். கொசு விரட்டும் திரவம் அதைவிடக் கெடுதல். பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்துப் பளபளப்புக் காட்டும். சூடேற்றிய கிண்ணத்தில் கரைப்பானைக் கொதிக்கவைத்து ஆவி காட்டும் முறையும் இப்போது பரவியிருக்கிறது. நிமிஷத்தில் கண்ணாடிபோல ஆகிவிடும். அந்த ஆவியைச் சுவாசிப்பது நுரையீரலுக்கும் மூளைக்கும் ஆபத்து. விளக்குக்கோ புதுத் தோல் கிடைப்பதில்லை. சில மாதத்தில் மறுபடி மங்கும்போது ஏமாந்தவர் பிளாஸ்டிக்கைத் திட்டுவார்.

சரியான வேலை நிதானமானது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே 800-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 1500, 2000, 3000 என்று ஏறவேண்டும். முதல் பேப்பரில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும்; வெள்ளையாக மாறும் வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. பிறகு துடைத்துக் காயவிட்டு, புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்கவேண்டும். இந்தக் கடைசிக் கைதான் முழு வேலையும். இதைச் செய்யாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படிச் செய்தாலும் புதிதாகிவிடாது. 2018-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ சோதித்துப் பார்த்தபோது, நன்றாக மங்கிய விளக்குகள் புதிய விளக்கின் வெளிச்சத்தில் 22 சதவீதமே தந்தன. மெருகேற்றியபின் ஏறக்குறைய 70 சதவீதம் வந்தது. மங்கல் உட்புறத்தில் இருந்தால், கிண்ணத்தின் பிரதிபலிப்புப் பூச்சு கருகியிருந்தால், உள்ளே ஈரம் கோத்திருந்தால் தேய்ப்பது வீண், விளக்கையே மாற்றவேண்டும். மாற்றும்போது நம் நாட்டு இடப்பக்க ஓட்டத்துக்கான விளக்குதானா என்று கேட்டு வாங்குங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் விளக்கு, எதிரே வருகிறவரின் கண்ணை நோக்கி ஒளியைத் தூக்கி அடிக்கும்.

வேலை முடிந்த அன்று இரவு வண்டியைச் சமதரையில், ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தித் தாழ்விளக்கைப் போடுங்கள். மங்கிய விளக்கு என்றால் சுவர் முழுக்க வெளிறிய புகை படியும். தெளிந்த விளக்கு என்றால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோடு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழுகிறதா என்று மட்டும் பார்த்து, விழாவிட்டால் பின்னாலிருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்.