ஹௌ டு நேம் இட்?

இளையராஜா இசையமைத்து 1986-இல் வெளிவந்த கருவியிசைத் தொகுப்பு. திரைப்படத்துக்காக அல்லாமல் தனித்து நிற்கும் இசையாக எழுதப்பட்டது. தியாகராஜருக்கும் ஜொஹான் செபாஸ்டியன் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன். அதே 1986-இல்தான் அமெரிக்காவில் த்ராஷ் மெட்டல் தன் உச்சத்தைத் தொட்டது. மார்ச்சில் மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, அக்டோபரில் ஸ்லேயரின் அரை மணி நேரம்கூட ஓடாத ‘ரெயின் இன் பிளட்’. அவற்றின் செல்வாக்கை அளப்பது எளிது. அதே வேகத்தையும் அதே கிட்டார் வெட்டுகளையும் எடுத்துக்கொண்டு உலகெங்கும் குழுக்கள் முளைத்தன. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுக் காப்புப் பட்டியலிலும் இடம்பிடித்தது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் ‘ஹௌ டு நேம் இட்?’ தோற்றுவிடும், அதைப் பார்த்துக் குழு தொடங்கியவர்கள் என்று ஒரு பரம்பரையைக் காட்ட முடியாது. ஆனால் ஒரு தொகுப்பு தன் சாயலில் பிள்ளைகளைப் பெறாமலும் நீடிக்கலாம். இதன் செல்வாக்கு வாசிப்பவர்களின் கைகளில் தங்கியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதன் வேரைத் தேடுபவர்கள் வழக்கமாக மண்வாசனையைத் தேடுகிறார்கள். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. தேவாரம், கோம்பை, போடி என்று இந்த அடிவார ஊர்களிலிருந்துதான் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்கள் மலையேறுகிறார்கள். ஆனால் தொகுப்பில் தெம்மாங்கைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஊர் தந்தது மெட்டை அல்ல, ஒரு வேலைமுறையை. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். மக்களுக்குப் பழகிய சினிமா மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் தன் வரிகளை ஏற்றுவது அவர் வழக்கம். 1958-இல் மலைக்கு அப்பால் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக நடந்த பிரச்சாரத்தில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடினார். பதின்பருவத்திலேயே அண்ணனின் குழுவில் சேர்ந்த தம்பி பழகியது இதைத்தான்: கேட்பவருக்குத் தெரிந்த ஒன்றைக் கலைக்காமல், அதன்மேல் வேறொன்றைக் கட்டுவது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ உருப்படியைக் கேளுங்கள். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முன்னிசை அடையாளம் மாறாமல் வருகிறது. இளையராஜாவின் இசை அதன்மேல் எழும்புகிறது. பின்னாளில் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது இதற்கு இலக்கணம் கொடுத்தது. பழக்கம் அதற்கு முந்தையது.

இது முதல் கலப்பு அல்லவே என்பார்கள். உண்மைதான். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்களைத் தந்துவிட்டுப் போனார். 1970-களில் சக்தி குழு கர்நாடக இசையையும் ஜாஸையும் ஒரே மேடையில் உட்காரவைத்தது. ஆனால் தீட்சிதரிடம் ஒரே ஒரு மெட்டுத்தான் ஓடுகிறது. சக்தியின் பலம் மனோதர்மத்தில் இருக்கிறது. இங்கே நடப்பது வேறு. ராகத்தின் சுரம் ஓரிடத்தில் நிற்காது, அசையும். அதன் கீழே அசையாத ஒரு கார்டை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கார்டுக்குப் பதிலாக எதிர்மெட்டை வைத்தது இத்தொகுப்பின் விடை. ஒரு வயலின் தொடங்கியதை இன்னொன்று சற்றுப் பொறுத்துப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு குரலும் தன் வழியில் நடக்கிறது. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ பெயரிலேயே இந்த வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. கமகம் தேய்ந்துவிட்டது என்று கச்சேரி ரசிகர் குறைபட்டால் அதில் நியாயம் உண்டு. பல குரல்கள் ஒன்றாகப் போகும் இடத்தில் ஒவ்வொன்றும் முழு அசைவோடு வாசித்தால் தெளிவு போய்விடும். அந்த விலை தெரிந்தே கொடுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய முறையில் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கும்போதே தாளில் எழுத முடியாத வழுக்கலையும் அளவோடு விரலில் கொண்டுவர வேண்டும். அத்தகைய வயலின்காரர் இல்லாமல் இந்த இசை இல்லை.

இளையராஜாவின் திரைப்புகழ்தான் இதைச் சுமக்கிறது என்பது வலுவான மறுப்பு. ‘அன்னக்கிளி’ இல்லாத ஒருவரின் கேசட்டை 1986-இல் யார் வாங்கியிருப்பார்கள்? விற்பனையைப் பொறுத்தவரை இதற்கு மறுமொழி இல்லை. செல்வாக்கைப் பொறுத்தவரை உண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது, பாட்டே கிடையாது. அதன் பின்னணியில் ஒலிப்பது இந்தத் தொகுப்பின் இசை. வழக்கமாகக் காட்சி முதலில் வரும், இசை அதற்கு அளவெடுத்துத் தைக்கப்படும். இங்கே யாருடைய கதையும் மனதில் இல்லாமல் எழுதிய இசை, சொந்த வீடு கட்ட அல்லாடும் ஒரு பெண்ணின் கதைக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்ப் படத்துக்கு வெளியே நிற்கும் இசையிடம் தமிழ்ப் படம் கடன் வாங்கியது அபூர்வம்.

அடுத்து 1988-இல் இளையராஜா ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை மையமாக்கி ‘நத்திங் பட் விண்ட்’ செய்தார். 2005-இல் திருவாசகத்தை மேற்கத்திய இசைக்குழுவோடு இணைத்தார். இவற்றை 1986-இன் வாரிசுகள் என்று சொல்வது வழக்கம். எனினும் நேரடி வாரிசு வேறிடத்தில் இருக்கிறது. திரையிசை ஒலிப்பதிவுகளில் பெயர் தெரியாமல் வாசித்துப் பழகிய உலகத்திலிருந்து, நரசிம்மன் 1993-இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. எடுத்துக்கொண்டது கர்நாடகக் கீர்த்தனைகள். சாகித்தியத்தின் மெட்டு முதல் வயலினில் மாறாமல் ஓட, மற்ற மூன்றும் அதைச் சுற்றித் தங்கள் குரல்களை எழுப்புகின்றன.