ஏரிக்கு அடியில் ஊர்கள்

பனாமாக் கால்வாய் கடல்நீரால் இயங்குகிறதென எண்ணுவோர் நம் மாணவரிடையே பலர். உண்மையில், கப்பல்களை 26 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி மறுபுறம் இறக்குவது மழைநீரே. சாக்ரெஸ் ஆற்றைக் குறுக்கே மறித்து, 1913இல் அமெரிக்கப் பொறியியலாளர் காத்தூன் ஏரியை நிரப்பினர். அதற்கு முந்திய டிசெம்பரில் ஜனாதிபதி டாப்ட் பிறப்பித்த கட்டளை, கால்வாய் வலயத்து நிலம் முழுவதையும் கால்வாய்க்கே உரியதாக்கியது. கோர்கோனா, மத்தாச்சின் முதலிய ஆற்றோர ஊர்கள் நீருள் ஆழ்ந்தன. பொறியியற் சாதனையைப் புகழும் நூல்கள் இவ்வூர்களுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

பழைய மதகுத் தொட்டிகளை ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் செலவாகிக் கடலிற் கலக்கிறது. அதே நீரேந்துப் பரப்பே நாட்டின் சரிபாதி மக்களுக்குக் குடிநீரும் தருகிறது. ஆகவே நீர் நிபுணரின் கணக்கு எளிதன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். 1935இல் இரண்டாம் அணை எழுந்தது. 1999 இறுதியிற் கால்வாய் பனாமியர் கைக்கு வந்தது. 2023இன் வரட்சியிலோ நாளாந்தக் கப்பல்களைக் குறைக்க நேர்ந்தது.

விடையாக இப்பொழுது றியோ இந்தியோ ஆற்றை மறிக்கும் திட்டம் வந்துள்ளது. ஏறத்தாழ 2,000 பேர் பெயர்க்கப்படுவரென்பது நிருவாகத்தின் மதிப்பீடு. நட்டஈடு பற்றியும் பேசப்படுகிறது. 1912இன் ஏகாதிபத்திய முறை இதுவன்று. ஆனால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் இன்றும் கமக்காரரே, கப்பற் கம்பனிகள் அல்ல. 2025இல் அம்மக்கள் வள்ளங்களில் ஏறி, தம் ஆற்றின் வழியே எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர்.