லயம் (மலையகத் தமிழ்)

லயம் அல்லது லயன் என்பது இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் தொடர் குடியிருப்பு. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லே இப்படித் திரிந்தது. கோடு, வரிசை, கவிதையின் அடி, தொலைபேசி இணைப்பு என்று பள்ளிக்கூடத்தில் இச்சொல்லுக்குப் பல பொருள் படிக்கும் ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகளுக்கு, அதற்கு வெகு முன்னரே தெரிந்த பொருள் வீடு. இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்திலேயே வெள்ளைத் துரைமார் கூலிகளின் இருப்பிடத்தை ‘லைன்’ என்றனர். ஒரே கூரைக்குக் கீழே அறைகளை வரிசையாக அடுக்கிய கட்டடம் என்பதே காரணம். அதில் வீடு என்ற எண்ணமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை பயிரிட்டார். பின்னர் நோயால் கோப்பி அழிந்தது. பயிர் மாறியும் லயம் மாறவில்லை. மலேசிய ரப்பர் தோட்டத் தமிழரும் இச்சொல்லையே வழங்கினர்.

தமிழில் இது மரம், குளம் போல முழுமையாக வேற்றுமை ஏற்கும்: லயத்துல, லயத்துக்கு, லயத்து ஆளுக. “நீங்க எந்த லயம்?” என்று கேட்டால் “பணிய லயம்” என்றோ “மேட்டு லயம்” என்றோ பதில் வரும், பணிய என்றால் கீழே. பத்துக் காம்பரா (அறை) லயம், தகர லயம் என்றும் பெயரிடுவர். ஒரு குடும்பத்தின் பங்கு பெரும்பாலும் ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பராவும், முன்னால் ஓர் இஸ்தோப்பும் (திண்ணை)தான். இஸ்தோப்பிலேயே அடுப்பெரியும், இடம் போதாதபோது படுக்கையும் அங்கேதான். காம்பரா போர்த்துக்கேயம், இஸ்தோப்பு டச்சு, லயம் ஆங்கிலம். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய நாட்டவரின் மொழிகளும் அந்தச் சிறு இடத்துக்குள் இருக்கின்றன.

‘லைன்’ என்ற சொல் தமிழுக்குள் இருமுறை நுழைந்திருக்கிறது. வரிசையில் நிற்பதும் மின்கம்பியும் மலையகத்திலும் ‘லைன்’தான், அவற்றை யாரும் லயம் என்பதில்லை. கொழுந்து பறிப்பவர் பிடிக்கும் தேயிலை வரிசையோ ‘நிரை’. அங்கே ஆங்கிலம் நுழையவே இல்லை.

ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் பற்றும் தீ லயம் முழுவதற்கும் பரவுகிறது. தனிவீடு வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் நியாயம் இதில் தெளிவாகத் தெரியும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. முதலில் ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி வழங்கப்பட்டது. இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்திலேயே இருக்கின்றன.