பழைய காயங்கள்: முண்ணாண் நரம்பு மீள்வளர்ச்சி ஆய்வும் கரடியனாறும்

மட்டக்களப்பு மாவட்டத்தில், செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில் கரடியனாறு இருக்கிறது. 2007 யூலையில் குடும்பிமலை அரச படைகளின் கைக்குப் போகும்வரை இப்பகுதி போர்க்களமாகவோ போர்க்களத்தின் ஓரமாகவோ இருந்தது. அந்த உள்நாட்டுப் போரில் முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணில் காயப்பட்டு இன்றும் உயிரோடிருப்பவரின் காயத்துக்கு இப்போது ஏறத்தாழ இரண்டு தசாப்த வயது. நரம்பு மீள்வளர்ச்சி ஆய்வோ பெரும்பாலும் சில நாட்கள், சில வாரங்கள் வயதான காயத்தைத் தேடுகிறது. இந்தக் கால வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் ‘நரம்பு மீண்டும் வளருமா’ என்று கேட்பது இங்குள்ளவர்களுக்குப் பயன்படாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கையில் ஒரு நரம்பு அறுந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் மீள வளரக்கூடும். வெளி நரம்புகளைச் சூழ்ந்துள்ள சுவான் கலங்கள், மயலின் என்னும் நரம்புறையின் சிதைவை அகற்றி, புதிய நரம்பிழைக்கு வழி அமைத்துக் கொடுக்கின்றன. முண்ணாணில் அது நடப்பதில்லை. சிதைவுகள் அங்கிருந்து மிக மெதுவாகவே அகலுகின்றன. மயலினில் உள்ள நோகோ என்னும் புரதம் வளர்ச்சியைத் தடுக்கிறது. காயத்தைச் சுற்றி உருவாகும் வடுவில் கொண்ட்ரோயிற்றின் சல்பேற் சேர்ந்த பொருட்கள் குவிகின்றன. நரம்புக் கலத்துக்கே வளரும் வலு இல்லை என்ற நீண்டகால எண்ணத்தை 1981இல் மொன்றியலில் டேவிட்டும் அகுவாயோவும் தகர்த்தனர். வளர்ந்த எலிகளில், வெளி நரம்பொன்றின் துண்டை மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையே பாலமாக வைத்தபோது, மத்திய நரம்பிழைகள் அதற்குள் 30 மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்தன. தடையின் பெரும் பங்கு சுற்றுச்சூழலில் இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால் இழைகள் பாலத்தின் மறுமுனையைக் கடந்து முண்ணாணுக்குள் சிறிது தூரமே நுழைந்தன. அந்த மறுமுனைச் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தடைகள் எல்லாம் நீங்கினாலும், கழுத்திலிருந்து 30 சதமமீற்றர் கீழே போக, வெளி நரம்பின் வேகத்திலேயே முந்நூறு நாட்கள் வேண்டும். போய்ச் சேர்ந்த இழை உரிய கலத்தோடு இணையவும் வேண்டும்.

எலியில் கிடைத்தது மனிதரில் கிடைக்குமா? நோகோவை முடக்கும் எதிர்ப்புப் புரதத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் 126 பேரிடம் சோதித்தனர். அனைவரும் கழுத்துப் பகுதியில் காயப்பட்டவர்கள். காயம்பட்டு 4 முதல் 28 நாட்களுக்குள் சேர்க்கப்பட்டவர்கள். ஆறு மாத முடிவில் கை வலுவின் மொத்த மதிப்பெண்ணில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் நிறுவக்கூடிய வேறுபாடு இல்லை. முழுமையற்ற காயம் கொண்ட சிலரில் மட்டும் நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் இருந்தன. இதை முழுத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சோதனையின் சேர்ப்பு நிபந்தனை நம்மவர்களுக்குக் கதவை முன்பே சாத்திவிட்டது.

கதவு வேறொரு பக்கம் திறந்திருக்கிறது என்பதே அதிகம் பேசப்பட வேண்டியது. 2024இல் வெளியான இன்னொரு சோதனையில், கழுத்துக் காயம் கொண்ட 60 பேருக்கு முதலில் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் அளித்தனர்; அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியோடு தோலின் மேலிருந்து மின்தூண்டலும் கொடுத்தனர். 72 சதவீதத்தினரின் கைகளில் வலுவும் செயற்பாடும் கூடின. பயன் பெற்றோரில் காயப்பட்டு 34 ஆண்டுகள் ஆனவரும் உண்டு. இங்கே அறுந்த இழை நீண்டு வளர்ந்ததாக எவரும் கூறவில்லை. எஞ்சியிருந்த இழைகளே மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டன. ஆகவே பழைய காயம் என்றால் எல்லாம் முடிந்தது என்ற தீர்ப்பு தவறு. நெஞ்சு, இடுப்புப் பகுதிக் காயங்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு.

இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவிலேதான் வியாபாரம் புகுந்துகொள்கிறது. மூலக்கல ஊசி போட்டு எழுந்து நடக்கவைப்போம் என்ற விளம்பரங்கள் கடல் கடந்தும் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், இரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கு வெளியே மூலக்கலப் பயன்பாட்டை ஆய்வாக மட்டுமே ஏற்கிறது. ஆய்வுக்கு நோயாளி காசு கட்டுவதில்லை. காணி விற்று இந்தியா போக எண்ணும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரியைச் சொல்லி அனுப்பலாம்.

மின்தூண்டலோ மருந்தோ, எதுவானாலும் அதற்கான பயிற்சியைத் தாங்க உடல் வேண்டும். படுக்கைப் புண் எலும்புவரை போனவரையும், சிறுநீர்த் தொற்றால் சிறுநீரகம் பழுதானவரையும், முழங்கால் மடங்கி இறுகிப்போனவரையும் எந்தச் சோதனையும் ஏற்காது. நாளைக்கு ஒரு மருந்து வெற்றி பெற்றாலும் நிலைமை இதுவே. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் மருத்துவர் குட்மன் முண்ணாண் காயப் பராமரிப்பைத் தொடங்கியது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒழுங்கிலிருந்து. 1972இல் அமெரிக்காவில் மருத்துவர் லபிடெஸ், சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீற்றரை நோயாளி தானே அவ்வப்போது போட்டு எடுக்கும் முறையை முன்வைத்தார்; கிருமி நீக்கிய அறை வேண்டாம், சுத்தமான கை போதும். வேலூரில், 1954 வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே சத்திரசிகிச்சை செய்தார். பின்பு அங்கே புனர்வாழ்வு மருத்துவத்தை நிறுவினார். நரம்பு வளராமலே நடந்தவை இவை. மீள்வளர்ச்சி ஆய்வுக்குப் போட்டியாக இவற்றை நிறுத்துவது பிழை. அந்த ஆய்வின் பலன் என்றாவது வந்தால் வாங்கிக்கொள்ளும் உடலைக் காப்பவை இவைதான்.

இந்தப் பராமரிப்பைத் தேடிப் போகலாம் என்றால், நாட்டின் பெயர்பெற்ற புனர்வாழ்வு வைத்தியசாலை றாகமையில், தீவின் மறுகரையில் இருக்கிறது. புண்ணோடு அவ்வளவு தூரம் உட்கார்ந்து பயணித்தால் புண் பெரிதாகும். வடக்கில் மாங்குளத்தை மையமாகக் கொண்ட உயிரிழை அமைப்பு, காயப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டச் சுகாதார நிர்வாகம் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும்: கரடியனாறு அடங்கும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் முண்ணாண் காயத்தோடு வாழ்பவர்களின் பதிவேடு ஒன்றை, காயத்தின் மட்டமும் ஆண்டும் குறித்து, தயாரிப்பது, மாதம் ஒருமுறை தாதியும் இயன்மருத்துவரும் வீட்டுக்கே போவது, கதீற்றரும் காற்று மெத்தையும் தட்டுப்பாடின்றிக் கொடுப்பது. அந்தப் பதிவேடு இல்லாமல் எந்த ஆய்வுக்கும் இங்கிருந்து ஒருவரையேனும் பரிந்துரைக்க முடியாது.