பேத்தியின் டப்பாவும் கேலனின் களிம்பும்

போன வாரம் பேத்தி கைப்பேசியை நீட்டி, "பாட்டி, இது வாங்கலாமா?" என்றாள். முகத்து மேக்கப்பைக் கரைத்து எடுக்கிற கிளென்சிங் பாம். உள்ளங்கை அளவு டப்பா, விலை இரண்டாயிரத்துச் சொச்சம். "இதே மாதிரி வழவழன்னு, ஆனா விலை கம்மியா ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள். இந்தச் சரக்கு ஆயிரத்து எண்ணூறு வருஷப் பழசுடி என்றேன். சிரித்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். ரோஜா ஊறிய ஆலிவ் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கடைந்தால் ஒரு களிம்பு வரும். பிரான்சின் மருந்துக்கடைகளில் அதற்கு ‘கேலன் மெழுகு’ என்றே பெயர். பூசினால் அதிலுள்ள நீர் ஆவியாகி முகம் குளிரும். ‘கோல்டு கிரீம்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய்தான் கரைக்கும். எங்கள் அலுவலக ஆண்டு விழா நாடகம் முடிந்ததும் மேக்கப் போட்டவர் எல்லார் கையிலும் தேங்காய் எண்ணெயை ஊற்றி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுப்பார். இரண்டு தேய்ப்பில் அரிதாரம் வழிந்துவிடும். மேல்நாட்டு நாடகக்காரர்கள் அதே வேலைக்குக் கோல்டு கிரீமை வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் அது உண்மையிலேயே பணக்காரச் சரக்கு. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் பாதாம் எண்ணெய் வந்தது. தேன்மெழுகோடு திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகும் சேர்ந்தது. வாசனைக்கு ரோஜா அத்தர். ஒரு கிலோ அத்தருக்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும்! இவ்வளவு செலவழித்தும் சில வாரங்களில் எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைமை மாறியது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த திரவ பாரஃபின் மலிவு, கெட்டும் போகாது. கொஞ்சம் வெண்காரம் சேர்த்தால் மெழுகும் நீரும் பிரியாமல் வெள்ளை வெளேரென்று நின்றன. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணும் வாங்கும் விலைக்குக் கிரீம் இறங்கியது.

ஆனால் மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பது மனித சுபாவம் ஆயிற்றே. பாண்ட்ஸ் கம்பெனியை நமக்குத் தெரியும். பல்லாவரத்தில் ஒரு சிக்னலுக்கே அந்தப் பெயர். 1846இல் அமெரிக்காவில் ஒரு மூலிகைச் சாற்றோடு தொடங்கிய தொழில் அது. 1920களில் அழகு நிலையங்களின் விலை உயர்ந்த கிரீம்கள் போட்டிக்கு வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீமாட்டிகளைப் பேச வைத்தார்கள். 1924இல் நியூயார்க்கின் பெரும் செல்வச் சீமாட்டி ஆல்வா பெல்மான்ட், பின்னர் ருமேனியாவின் மேரி மகாராணி. மகாராணி பூசுவதையே நாமும் பூசுகிறோம் என்ற நினைப்பையும் சேர்த்து, சில்லறைக் காசுக்கு விற்றார்கள். முன்பு பாதாமிலும் அத்தரிலும் இருந்த பவிசு அப்போது விளம்பரத்துக்குக் குடிமாறிவிட்டது.

இன்றைய பாமில் புதுசாக ஒன்று உண்டு. கோல்டு கிரீமைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பாமிலோ எண்ணெயையும் நீரையும் கலக்க வைக்கிற ஒரு பொருள் இருப்பதால், தண்ணீர் பட்டதும் பால் மாதிரி ஆகிக் கழுவிக்கொண்டு போய்விடும். இது மெய்யான வசதி, ஒப்புக்கொள்கிறேன். விலை குறைந்த டப்பாவிலும் அந்த வசதி உண்டு. எண்ணெய், மெழுகு, நீரோடு கலக்க வைக்கும் பொருள், இந்த மூன்றும் இருந்தால் வேலை நடந்துவிடும். வாசனை மூக்குக்குத்தான், சிலர் சருமத்துக்கு அது ஒத்துக்கொள்வதுகூட இல்லை.

பேத்தி கடைசியில் வாசனையில்லாத, நானூறு ரூபாய் டப்பா ஒன்றை வாங்கினாள். நேற்று ராத்திரி கல்யாண வரவேற்பிலிருந்து வந்து கண் மையைக் கரைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு பாட்டி. டப்பாதான் கொஞ்சம் அழுகுணி" என்றாள்.

பரணில் என் பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று கிடக்கிறது. புளி போட்டுத் துலக்கி, அதில் மாற்றிவைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.